போலீஸ நாமளே புடிச்சு கட்டிப் போடலாமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வாட்சப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது, செக்‌ஷன் 27 படி தப்பு பண்ற போலீஸ யார் வேணா புடிச்சு 24 மணி நேரம் அடைச்சு வெக்கலாமாம். பொய்ங்க. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27 சொல்றது என்னன்னா, ஜாமீன்ல விட முடியாத, வாரண்ட் இல்லாமலே கைது பண்ணக்கூடிய குத்தம் நம்ம கண்ணு முன்னாடி நடந்தா புடிக்கலாம், புடிச்ச கையோட போலீஸ்கிட்ட ஒப்படைச்சிடணும். அந்த 24 மணி நேரம் போலீசுக்கு உள்ள கெடு, அதுக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். ரோட் பிளாக்ல மரியாதையில்லாம பேசுனாருன்னு கட்டிப் போட்டா நம்ம மேலதான் கேஸ் வரும். கோவம் நியாயம்தான், லாக்கப் சாவெல்லாம் யாரு மறப்பா. புகாருக்கு 2023 ஜூலைல இருந்து ஐபிசிசின்னு போலீஸ் நடத்தைய விசாரிக்கிற சுயேச்சை ஆணையம் இருக்கு (நேரடியா தண்டிக்கிற பவர் கெடையாது, அது எனக்கும் கடுப்புதான்), தேதி, நேரம், பேட்ஜ் நம்பர் எழுதி வெச்சு அங்க அனுப்புங்க.