அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது

சென்னைக் குடும்பக் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் வீடியோ சுற்றுகிறது. ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை முக்கி மின்சாரம் விடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் சேறுபோலப் பழுப்பாகிறது. "இந்த விஷத்தைத்தான் குடிக்கிறீர்கள்" என்கிறார்கள்.

இது தவறு. அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. உப்புகள் கரைந்திருந்தால்தான் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. அவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடுவதால் அங்கே கம்பி அவ்வளவாகக் கரைவதில்லை. தெளிந்திருக்கும் அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காததும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் கால்சியம், மக்னீசியத்தால். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) இவற்றால் வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை. உலக சுகாதார நிறுவனம் இதற்கு உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை.

பயப்பட வேண்டியது சாக்கடை கலப்பதற்குத்தான். அதில் வரும் கிருமிகளை இந்தக் கம்பிச் சோதனை காட்டவே காட்டாது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் அவை இருக்கும். குழாயில் நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், உடனே குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள்.