‘எங்கள் எல்லையில் வராது’

அத்தையின் கிரெடிட் கார்டை வைத்து யாரோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் இருபதாயிரம் ரூபாயைச் சுருட்டியதையும், ‘எங்கள் எல்லையில் வராது’ என்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்ததையும் நான் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு காவல்துறை நண்பர் கொடுத்த விளக்கத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். “குற்றம் வெளிநாட்டு இணையதளத்தில் நடந்திருக்கிறது, இங்கே எப்படி வழக்குப் போடுவது? உணர்ச்சிவசப்படாமல் யோசியுங்கள்” என்கிறார். யோசித்தேன் ஐயா. சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே யோசித்தேன்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதன் 173ஆவது பிரிவு. செயல் நடந்த இடத்தில் மட்டுமின்றி, விளைவு ஏற்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்கிறது 199ஆவது பிரிவு. கார்டு பில் வந்து விழுந்தது பாளையங்கோட்டையில். விளைவு வேறு எங்கே ஏற்பட்டதாம்? இந்தியாவில் உள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் கடல் கடந்து உட்கார்ந்திருப்பவனுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பொருந்தும். அது 75ஆவது பிரிவு. இத்தனைக்கும் பிறகு ‘எங்கள் எல்லையில் வராது’ என்றால், அந்த எல்லையை வரைந்தது யார்?

அத்தைக்குக் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கான சீட்டுதான் அது, வழக்குப் பதிவு அல்ல. வங்கிக் கிளையில் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டார்கள். நிலையத்தில் ‘வங்கியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். வெயிலில் இரண்டுக்கும் நடுவே அலைந்தவர் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த அம்மாள். கவுண்டரில் இருந்த பையன், “ஓ.டி.பி. யாரிடமாவது சொன்னீர்களா? வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லையா?” என்று கேட்டிருக்கிறான். அவன் வயதில் அவரிடம் படித்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

ஓ.டி.பி. வரவே இல்லை. பல வெளிநாட்டுத் தளங்கள் அதைக் கேட்பதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் போதும். ‘வெளிநாட்டுப் பயன்பாட்டை ஏன் திறந்து வைத்தார்?’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு: பேத்தியின் தேர்வுக் கட்டணத்துக்காக. கதவு திறந்திருந்தால் திருட்டு திருட்டு இல்லையா?

“இருபதாயிரம் ரூபாய்க்காக இன்ஸ்பெக்டர் விமானம் ஏறுவாரா?” என்று ஒருவர் நக்கல் அடித்திருந்தார். யாரையும் விமானம் ஏறச் சொல்லவில்லை. பதிவு செய்யத்தான் சொல்கிறேன். பதிவானால்தானே இதே கும்பல் வேறு மாவட்டங்களில் எத்தனை பேரைச் சுரண்டியது என்று சேர்த்துப் பார்க்க முடியும்? ஆள் பற்றாக்குறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு பேச்சு.

2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் சுமார் 94 கோடி போனது. போலி கார்டுகளை வைத்து 28 நாடுகளில் ஏ.டி.எம்.களில் பணம் எடுத்தார்கள். புனேயில் வழக்குப் பதிவானது, 2023இல் 11 பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. சிக்கியவை இங்கே பணம் எடுத்த கைகள்தான், மூளை அல்ல என்பது தெரியும். இருந்தாலும் ‘28 நாடு, எங்கள் எல்லையில் வராது’ என்று யாரும் திருப்பி அனுப்பவில்லையே? 2013இல் ஓமன் நாட்டு மஸ்கட் வங்கியின் கார்டுகளை வைத்துச் சில மணி நேரத்தில் 24 நாடுகளில் 4 கோடி டாலர் எடுத்தார்கள். நியூயார்க்கில் வழக்கு, துருக்கிக்காரரான தலைவன் ஜெர்மனியில் பிடிபட்டு, 2015இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2017இல் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றான். வங்கிக்கு வலித்தால் எல்லை அழிகிறது. ஓய்வூதியக்காரிக்கு வலித்தால் உடனே கோடு போடுகிறார்கள்.

“அவை கோடிகள், அதனால்தான்” என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்! அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இத்தனை லட்சத்துக்கு மேல் இழந்தவர்கள் மட்டும் உள்ளே வரவும் என்று வாசலில் பலகை மாட்டிவிடுங்கள், நாங்கள் வெயிலிலாவது அலையாமல் இருப்போம்.

வங்கிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளர் மீது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அத்தை அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் வங்கிக்கும் அழைத்தவர். அவரிடம் எதற்கு எஃப்.ஐ.ஆர். நகல்?

‘விழிப்புடன் இருப்போம்’ சுவரொட்டியில் என்னை டேக் செய்த நல்ல உள்ளங்களே, அத்தை விழிப்பாகத்தான் இருந்தார். அந்தச் சுவரொட்டியைக் கிளை மேலாளருக்கு அனுப்புங்கள்.