எருசலேம் கூட்டம் நியாயப்பிரமாணத்தை ஒழித்ததா?

"கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் (இயேசுவின் முதல் தூதர்கள்), மோசேயின் நியாயப்பிரமாணத்தை (மோசே வழியாக யூதர்களுக்குக் கொடுக்கப்பட்ட சட்டத்தை) எல்லோருக்குமே ரத்து செய்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் 15-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தாலே போதும். அந்தியோகியா நகரத்துச் சபையில் கிளம்பிய கேள்வி ஒன்றுதான்: யூதரல்லாத விசுவாசிகள் இரட்சிக்கப்பட விருத்தசேதனம் (ஆணுறுப்பின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) வேண்டுமா? வேண்டாம் என்று முடிவானது. அவர்களுக்கும்கூட நான்கு விலக்குகள் சொல்லப்பட்டன: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிபட்டுச் செத்தவை, வேசித்தனம். யூத விசுவாசிகள் தங்கள் முறைமைகளை விட வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அடுத்த அதிகாரத்திலேயே அப்போஸ்தலரான பவுல் என்ன செய்கிறார் பாருங்கள். அவருடைய உடன் ஊழியரான தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கர். தீமோத்தேயு வாழ்ந்த பகுதியின் யூதர்களை முன்னிட்டு, பவுல் அவருக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். ஆனால் இன்னொரு உடன் ஊழியரும் கிரேக்கருமான தீத்துவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை என்று கலாத்தியர் நிருபத்தில் அவரே எழுதுகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் பேசுவது பவுலுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் 21-ஆம் அதிகாரம். விசுவாசிகளான யூதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லோரும் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ளவர்கள் என்கிறார்கள் எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபும் மூப்பர்களும். அவர்கள் சொன்னபடியே பவுலும், பொருத்தனை (கடவுளுக்கு நேர்ச்சை) செய்திருந்த நான்கு பேரோடு தம்மைச் சுத்திகரித்துக்கொண்டு தேவாலயத்துக்குள் போகிறார். கூட்டம் நடந்து சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது இது.