சதவீதத்தைப் பார்த்தது போதும், கட்டுரையைப் படியுங்கள்

2025 ஜூன் மாதம் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்களுக்கு ஒரு கட்டுரைக்காகப் பூஜ்யம் போட்ட செய்தி நினைவிருக்கும். ஏஐ பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் ஒருவர் ரெடிட்டில் கொட்டித் தீர்க்க, ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாக்குவாதம் செய்தது. மேற்கோள் பட்டியலை அகர வரிசையில் அடுக்க ஓர் இணையத்தளத்தைப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான் என்றார் அவர். அந்தப் பட்டியலில், உலகத்திலேயே இல்லாத ஆய்வுகள் இருக்கின்றன என்றது பல்கலைக்கழகம். அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த வாரம் என் வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, “எந்த சாஃப்ட்வேர்ல பிடிச்சாங்க?” என்பதுதான். இல்லாத ஆய்வைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எதற்கு? ஒருவர் உட்கார்ந்து அந்த இணைப்புகளைத் தட்டிப் பார்த்தால் போதாதா?

மாலை நேரத்தில், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் பெரியவர்களுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிறவன் நான். அசைன்மென்ட் திருத்துவது என் பிழைப்பில் பாதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் படிப்பதை நிறுத்திவிட்டோம்.

எழுத்துத் திருட்டைத் தேட ஆசிரியர்கள் பயன்படுத்தும் மென்பொருள் டர்னிட்டின். அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் நிறங்கள் தெரியும். கட்டுரை வேறு எழுத்துகளோடு ஒத்துப்போவது 24 சதவீதம் வரை என்றால் பச்சை, 25 முதல் மஞ்சள், 50 முதல் ஆரஞ்சு, 75 முதல் சிவப்பு. அந்தக் கருவி காட்டுவது, இந்தச் சொற்றொடர் வேறு எங்கோ இருக்கிறது என்பதை மட்டும்தான். திருட்டா இல்லையா என்று அது சொல்வதில்லை. அந்த நிறுவனமே அப்படித்தான் விளக்கம் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் பச்சை என்றால் பாஸ், மஞ்சள் என்றால் சந்தேகம் என்று ஆகிவிட்டது.

ஒருமுறை ஒரு மாணவியின் கட்டுரை 38 சதவீதத்தோடு மஞ்சளாக வந்தது. திறந்து பார்த்தால் பாதி சங்கப் பாடல் வரிகள். மீதி, எல்லோரும் ஒட்ட வேண்டிய முகப்புத் தாள், அப்புறம் நானே கொடுத்த கேள்வி. அந்தப் பெண் எழுதியது முழுக்க அவருடையது, அதுவும் நன்றாக எழுதியிருந்தார். அதே கட்டுக்குள் இன்னொரு கட்டுரை, சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பித்தல் பற்றியது. 9 சதவீதம், பச்சைப் பசேல். மூன்றாம் பக்கத்தில் “மாவட்டக் கல்வி அலுவலரின் ஆய்வுக்குப் பின்” என்று ஒரு வரி. தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டில் உள்ள அந்தப் பதவி சிங்கப்பூரில் கிடையாது. எழுதியவரைக் கூப்பிட்டு, “தம்பி, நம்ம ஊர்ல மாவட்டக் கல்வி அலுவலர் யாரு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “கல்வி அமைச்சில இருப்பாங்கல்ல சார்?” என்றார். கல்வி அமைச்சு இருக்கும் புவனா விஸ்தாவிலிருந்து யாரோ மாவட்டம் மாவட்டமாக ஜீப்பில் போவதாகக் கற்பனை செய்து பார்த்தேன், கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வரி தமிழ்நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றிலிருந்து வந்தது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் தமிழ் ஆய்வேடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பல, தாளைப் படம் பிடித்து ஏற்றியவை. கண்ணுக்குத் தெரிவது தமிழ், கணினிக்கு அது வெறும் படம். இன்னும் சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. பிரதி எடுத்து ஒட்டினால் கோழி கிறுக்கல் மாதிரி ஏதோ வரும். அதைப் பார்த்து ஒருவர் கையால் தட்டச்சு செய்துவிட்டால், எதோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது? போதாக்குறைக்கு, “எழுதிக்கொண்டிருந்தார்” என்பதை ஒருவர் ஒரே சொல்லாக எழுதுவார், இன்னொருவர் மூன்றாக உடைப்பார், கருவிக்கு இரண்டும் வேறு வேறு. ஆங்கிலக் கட்டுரையை எடுத்து கூகுளில் தமிழாக்கிப் போடுகிறவர்கள் தனி ரகம். இத்தனைக்கும் நடுவே தமிழ்க் கட்டுரைக்கு வரும் பச்சை நிறத்தை நம்புவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

காசு கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிதாக எழுதியது என்பதால் கருவியில் அது சொக்கத் தங்கம். ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் அப்படி எழுதி விற்பதையே சட்டப்படி குற்றமாக்கிவிட்டன.

சதவீதத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா உதாரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. நோக்கம் நல்லதுதான். விளைவு, “பத்து சதவீதத்துக்குள் குறைத்துத் தருகிறோம்” என்று கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏஐ கண்டுபிடிப்பான்களின் கதை இதைவிட மோசம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ என்று முத்திரை குத்தின. எளிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். தமிழ்நாட்டிலிருந்தோ சீனாவிலிருந்தோ இங்கே படிக்க வந்து, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உள்ளதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான்.

இவ்வளவும் கண்டுபிடிப்பது பற்றி. தடுப்பது பற்றிப் பேசினால் என் சக ஆசிரியர்களுக்கே கோபம் வரும், பரவாயில்லை.

நம் பிள்ளைகளுக்குக் காப்பியடிக்கக் கற்றுக்கொடுத்தது நாம்தான். தொடக்கநிலை மூன்று, நான்கிலேயே துணைப்பாட (டியூஷன்) வகுப்பில் ஒரு தாள் கையில் வந்துவிடுகிறது: கட்டுரைத் தொடக்கங்கள் இத்தனை, முடிவுகள் இத்தனை, நடுவில் தூவ மரபுத்தொடர்கள் இத்தனை. பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரும்போது மனப்பாடம் முடிந்திருக்கும். கடைத்தொகுதியில் பணப்பையைத் தொலைத்த கதையா, “கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்.” மூத்தோருக்கு உதவிய கதையா, அதே கதிரவன், அதே பொற்கதிர்கள். நவம்பர், டிசம்பரில் பெய்கிற மழையில் எந்தக் கதிரவனை இந்தப் பிள்ளை பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் கிடைக்கிறது, அம்மாவும் அப்பாவும் மகிழ்கிறார்கள். பத்து வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, பல்கலைக்கழகத்தில் நுழைந்த முதல் வாரம், “பிறர் வாக்கியத்தைச் சொந்தமாகக் காட்டுவது ஒழுக்கக்கேடு” என்று ஓர் இணையப் பயிற்சியைக் கொடுத்து டிக் பண்ணச் சொல்கிறோம். டிக் பண்ணிவிட்டுப் போகிறார்கள்.

திருடுகிறவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே, திட்டம் போட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பூஜ்யம் போட எனக்குக் கை நடுங்காது. ஆனால் என்னிடம் மாட்டியவர்களில் பலருக்கு, ஒருவர் சொன்னதை எடுத்து, யார் சொன்னது என்று குறிப்பிட்டு, அதோடு ஒத்துப்போகவோ மறுக்கவோ ஒருநாளும் யாரும் கற்றுத் தந்ததில்லை. மாவட்டக் கல்வி அலுவலர் தம்பியும் அந்த ரகம்தான். வேலை முடித்துவிட்டு, கெடுவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். திரும்ப எழுதச் சொன்னேன், மதிப்பெண்ணைக் குறைத்தேன். இரண்டாவது தடவை எழுதியதில் வாக்கியம் நொண்டியது, ஆனால் தன் மகளின் தமிழ் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தார்.

எனக்குத் தெரிந்து உருப்படியான வழிகள் இரண்டுதான். ஒன்று, தேடினால் கிடைக்காத கேள்வியைக் கேட்பது. “சிங்கப்பூரில் தமிழின் வளர்ச்சி” என்று தலைப்புக் கொடுத்தால் இணையம் முழுக்க விடை கொட்டிக் கிடக்கும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழ்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு வாரத்தைக் கொடுத்து, அந்த வாரத்து விளம்பரங்களில் என்ன விற்றார்கள், யாருக்கு விற்றார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மங்கலான பக்கத்தைப் பெரிதாக்கி அவர்களே படித்தாக வேண்டும்.

மற்றொன்று, பத்து நிமிடம் பேசுவது. கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு, “இந்தப் பத்தியில் இவரை ஏன் மேற்கோள் காட்டினீர்கள்? இதை எழுதும்போது எதை வெட்டிப் போட்டீர்கள்?” என்று கேட்டால் போதும். எழுதியவர் வாய் ஓயாமல் பேசுவார். எழுதாதவர் கட்டுரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு காலங்காலமாக இருக்கிறது, இளநிலைக்கு மட்டும் ஏன் கூடாது?

நேரம் இல்லை என்பார்கள். சரி, உண்மைதான். பகுதிநேர ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கும் நேரத்துக்குத்தான் பெரும்பாலும் காசு. மாணவரோடு உட்கார்ந்து பேசும் நேரம் யார் கணக்கிலும் வராது. மென்பொருள் சந்தாவுக்கு ஆண்டுதோறும் மறுபேச்சில்லாமல் பணம் கட்டும் நிர்வாகங்கள், ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டு ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்கட்டும். முப்பது பேர் உள்ள வகுப்புக்கு ஐந்து மணி நேரம். அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதைத்தான். கூட இருந்து கேட்க இரண்டு பேர் வந்தாலும் போதும்.