வேலைக்குப் பக்கத்தில் வீடு கேட்பது பேராசையா?

"அதுதான் வீடு கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு அழுகிறார்கள்?" சென்னையில் கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பியபோது ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து இப்படிக் கேட்டதை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அவர் கேட்டதைவிட, என் நட்பு வட்டத்திலேயே இத்தனை பேர் அதற்குக் கைதட்டியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு கொடுத்தார்கள், சரி. எங்கே கொடுத்தார்கள்? 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்தின் நடுவிலிருந்து எடுத்து, பல கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் அடுக்கிவிட்டோம். மயிலாப்பூரில் பாத்திரம் தேய்ப்பவருக்கும், சென்ட்ரலில் மூட்டை தூக்குபவருக்கும், மெரினாவில் சுண்டல் விற்பவருக்கும் வேலை அங்கேயே இருக்கிறது. ஆளை மட்டும் தூரத்தில் வைத்திருக்கிறோம். பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்தால் அவர்கள் அழாமல் என்ன செய்வார்கள்?

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவின் கதையைச் சொல்கிறேன். கால்வாய்க்கரையிலிருந்து எங்கள் தெருவுக்குப் பத்து நிமிட நடை. காலையில் இரண்டு வீடுகளை முடித்துவிட்டுப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மறுபடி வந்து இன்னும் இரண்டு வீடுகளைப் பார்ப்பார். இடம் மாற்றிய பிறகு விடியும் முன்பே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தார். ஒரு பஸ் தவறினால் முதல் வீட்டில் திட்டு. நேரத்துக்கு வருவதில்லை என்று இரண்டு வீடுகள் அவரை நிறுத்திவிட்டன. மகள் அப்போது பிளஸ் டூ. படிப்பு கெடக்கூடாது என்று பெரியம்மா வீட்டில் விட்டுவைத்தார்கள்.

ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து காட்டினார். ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் அட்டை, அவற்றுக்கு அடியில் இடிக்கப்பட்ட வீட்டின் மின்கட்டண அட்டை. ஓரமெல்லாம் மடங்கிப்போன அந்த அட்டையில், கணக்கெடுக்க வந்தவர்கள் விதவிதமான மையில் எழுதிய எண்கள் வரிசையாக இருந்தன. "ஒரு தடவைகூடப் பாக்கி வைத்ததில்லை தம்பி. எங்களை எப்படித் திருடர்கள் என்கிறார்கள்?" என்று கேட்டார். கரண்டு கொடுத்து, ஓட்டுரிமை கொடுத்து, ஓட்டுக் கேட்டும் போன பிறகு, ஒரு காலையில் ஆக்கிரமிப்பாளர் என்கிறோம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"நீர்நிலையில் குடியிருந்தால் வெள்ளம் வராதா" என்று கேட்பீர்கள். வரும். முதலில் மூழ்குவதும் அவர்கள் வீடுதான். உண்மையிலேயே ஆபத்தான கரையில் இருப்பவர்களை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மழைக்குத் தப்ப வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கனமழை வந்தால் தண்ணீர் சூழ்கிற செம்மஞ்சேரிக்கா அனுப்புவது? பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இடம் இல்லையா? பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கினோம். தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். அங்கெல்லாம் ஜேசிபி போகாது. ஓலையும் தகரமும் வேய்ந்த வீட்டைக் கண்டால் மட்டும் நமக்கு நீர்நிலை நினைவுக்கு வருகிறது.

அடுத்தது, "வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள்." ஏன் வருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கிறீர்களா? கான்கிரீட் வீட்டை விட்டுவிட்டுக் கொசுக்கடியில், கூவத்தின் நாற்றத்தில் வந்து படுக்க யாருக்கு ஆசை? வேலை இங்கே இருக்கிறது, அதனால் வருகிறார்கள். நீங்கள் குற்றமாகச் சொல்வதே நான் சொல்வதற்குச் சாட்சி.

"எங்கள் வரிப்பணத்தில்தானே இவர்களுக்கு வீடு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தீப்பெட்டி வாங்கினாலும் அவர்களும் வரி கட்டுகிறார்கள்.

முடியாததை நான் கேட்கவில்லை. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கிய காலத்தில், இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித்தான் கொடுத்தார்கள். கடற்கரையோரம் நொச்சிக்குப்பத்தில் அப்படித்தான் நடந்தது. 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்கீழ் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தார்கள். அறிவிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பட்டியல் நீளவே இல்லை. நகரம் நீண்டது, சட்டத்தின் பாதுகாப்பு நீளவில்லை. அதே 1985இல்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புரிமையும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லைதான். ஆனாலும் மழைக்காலம் முடியும் வரை பொறுக்கச் சொன்னது. நாம் பொதுத்தேர்வு முடியும் வரைகூடப் பொறுப்பதில்லை. 2022 மே மாதம், பிளஸ் டூ தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். ஒருவர் அங்கேயே தீக்குளித்து உயிரைவிட்டார். அதற்குப் பிறகும் "எதற்கு அழுகிறார்கள்" என்று கேட்க மனம் வருகிறதா?

"அவ்வளவு அக்கறை இருந்தால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வருடக்கணக்காகப் பழகியவர். அவர் வீட்டிலும் ஓர் அம்மா தினமும் வந்து கூட்டித் துடைக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா எங்கே குடியிருக்கிறார், எத்தனை மணிக்குக் கிளம்பி வருகிறார் என்று அவருக்குத் தெரியுமா? வலித்தது. இருந்தாலும் அவரை நட்பிலிருந்து நீக்கவில்லை.

கல்வியாண்டின் நடுவில் இடிக்காதீர்கள். இடிக்கும் முன்பே மாற்று இடத்தை மக்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நகருக்குள் சும்மா கிடக்கும் அரசு நிலத்தில் கட்டிக்கொடுங்கள். இந்த மூன்றில் எது நியாயமில்லை என்று சொல்ல வருகிறவர்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசத் தயார். "எதற்கு அழுகிறார்கள்" என்று மறுபடி கேட்க வருகிறவர்கள், ஒரு வாரம் பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் மயிலாப்பூருக்கு வேலைக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.