தேங்கிய நீரைத் தாண்டும் மனிதர்: அந்தப் படம் வெட்டப்பட்டதுதான்

தேங்கிய நீரின் மேல் ஒருவர் தாவுகிறார், குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் 1932-ல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இதோடு வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பும் சுற்றுகிறது: "இவர் வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட வெட்டியதில்லை. யாரிடமும் கற்றதும் இல்லை."

இரண்டும் தவறு. படத்தை வெட்டுவது அவருக்குப் பிடிக்காது என்பது சரி. ஆனால் இந்தப் படம் விதிவிலக்கு. பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தது. இடுக்கு லென்ஸ் அளவுக்குக்கூட அகலமில்லை, அதனால் இடப்பக்கம் வேலி கறுப்பாக மறைத்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டித்தான் பிரதி போட்டார்கள். இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வெட்டாத பிரதியும் இணையத்தில் கிடைக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அப்புறம், கற்றல். ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் படித்தவர் அவர். கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளோடும் பழகினார். அலைக்குள் ஓடும் மூன்று சிறுவர்களைப் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் முங்காச்சி எடுத்த படம்தான் தன்னைக் கேமராவின் பக்கம் திருப்பியது என்றும் சொன்னார். சான் லசார் படத்தில் பின்சுவர் சுவரொட்டியில் தாவும் உருவத்தைக் கவனியுங்கள், முன்னால் தாவுபவரின் எதிரொலி போலவே இருக்கும். பயிற்சி இல்லாத கண்ணுக்கு இது சிக்குமா?

பாரிஸில் அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் தளத்தில் வாழ்க்கைக் குறிப்பு உள்ளது. அந்த வாட்ஸ்அப் குறிப்பு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள், படத்தை மட்டும் அனுப்புங்கள்.