"ஜெபித்துப் பார்க்கட்டும்" என்று சிரித்தவர்களுக்கு

கடந்த ஞாயிறு ஆராதனையில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. சிறைக்கைதிகளின் பிள்ளைகள் நடுவே ஊழியம் செய்யத் தன்னை ஒப்புக்கொடுப்பதாக ஒரு பெண் நடுங்கும் குரலில் சாட்சி சொல்லி முடித்ததும், சபையை நடத்தும் மூப்பர் ஒருவர் மைக்கை வாங்கி, "வாலிப வயதில் இப்படித்தான் தோன்றும், தங்கச்சி பொறுமையாக ஜெபித்துப் பார்க்கட்டும்" என்றதும், சபையில் பாதிப் பேர் சிரித்ததும், அவள் வேதாகமத்தின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றதும் இந்த வாரம் முழுவதும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" என்று பின்சுவரில் எழுதியிருக்கிறோமே, அதற்கு நேர் கீழே நின்றுதான் அவர் அதைச் சொன்னார்.

அவர்மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: தேவன் அழைத்தால் தாமதிக்காமல் எழுந்திருங்கள் என்று வருஷம் முழுவதும் பிரசங்கிக்கிற நாம், ஒருத்தி நிஜமாகவே எழுந்து நின்றால் ஏன் இவ்வளவு பதறுகிறோம்?

சாமுவேல், கூப்பிட்டது யார் என்றுகூடத் தெரியாமல் மூன்று முறை எழுந்து ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடிய பிள்ளை. முதல் இரண்டு முறை "போய்ப் படுத்துக்கொள்" என்ற ஏலி, மூன்றாம் முறை கர்த்தரே அழைக்கிறார் என்று உணர்ந்து, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தார். கண் மங்கிப்போன, சொந்தப் பிள்ளைகளையே அடக்காமல் விட்ட அந்த முதியவரிடமிருந்து நம் பெரியவர்கள் கற்றுக்கொண்டது "போய்ப் படுத்துக்கொள்" என்பதை மட்டும்தான்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால்தான், வயல் வாங்கினேன், ஏர்மாடு வாங்கினேன், விவாகம் பண்ணினேன் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி விருந்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பார்ப்பது எது, சாக்குத் தேடுவது எது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. அப்போஸ்தலன் பவுலும் அழைப்புக்குப் பின் உடனே ஊழியத்தில் இறங்காமல் அரபியாவுக்குப் போனாரே என்பவர்கள் கலாத்தியர் முதல் அதிகாரத்தை மறுபடி வாசிக்கட்டும். மாம்சத்தோடும் இரத்தத்தோடும் யோசனை பண்ணாமல், அதாவது எந்த மனிதரிடமும் ஆலோசனை கேட்காமல்தான் அவர் புறப்பட்டார். அவசரப்பட்டுப் போய்ப் பாதியில் திரும்பியவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களாவது போனார்கள்.

இதை நான் வேதபாடமாக மட்டும் பேசவில்லை. என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரவு, இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன். கூப்பிய கைகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நீளமான செய்திகளும் வந்தன. ஆளாக வந்து நின்றவர் ஓர் அக்கா மட்டும்தான். தலை ஈரம்கூடக் காயவில்லை. பையில் ஒரு போர்வையும் போன் சார்ஜரும் இருந்தன. "படித்ததும் போ என்று ஓர் ஏவுதல், வந்துவிட்டேன்" என்றார், அவ்வளவுதான். அவர் சபையில் சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்லை. பிற்பாடு நலம் விசாரித்தவர்களில் சிலர், "எங்களுக்கும் வரவேண்டும் என்று உள்ளத்தில் பாரமாகத்தான் இருந்தது" என்றார்கள். பாரம் இருந்ததாம்! அந்தப் பாரத்தை உங்களுக்குக் கொடுத்தவர் யார் என்று அப்போது கேட்க எனக்குத் தெம்பில்லை, இப்போது கேட்கிறேன்.

பழையதைக் கிளறுகிறேன் என்பீர்கள். சரி, இன்னும் பழையதாகவே பேசுவோம். காவலில் இருந்த பவுலின் பேச்சைக் கேட்டுப் பயந்த ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ், "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். மறுத்தானா? இல்லை, எவ்வளவு பக்குவமான பதில்! அதன்பின் பலமுறை அழைத்துப் பேசவும் செய்தான், பணம் கிடைக்குமோ என்ற நப்பாசையில். இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று, சமயம் மட்டும் வாய்க்கவில்லை. கடைசியில் பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் பதவியிலிருந்து போனான். நம் சபையில் இருந்திருந்தால், நிதானமான மனிதர் என்று அவனை மூப்பராகவே தெரிந்தெடுத்திருப்போம்.